விருந்தால் வந்த பட்டினி

முன்னொரு காலத்திலே, தென்பாண்டிச் சீமையின் ஒரு மூலையைச் செருமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவன் அவிழ்த்துவிட்டதையெல்லாம் பிடித்துக் கட்டியே மந்திரி நன்னாகருக்கு முதுகு வளைந்துபோயிற்று.

ஊருக்கு மேற்கே குன்றுக் குகையில் சாந்தநந்தி அடிகள் என்ற சமண முனிவர் இருந்தார். பெரிய படிப்பாளி. புல் முதல் மனுஷன் வரை எல்லா உயிர்களையும் வகைபிரித்து ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். கடைசி இயல்தான் பாக்கி. பகலில் ஒரே வேளை ஊருக்குள் வந்து, ஏதாவதொரு வீட்டில் கையேந்தி நின்று நாலு கவளம் உண்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

ராஜா ஒருநாள் குன்றேறி அவர் பேச்சைக் கேட்டுச் சொக்கிப்போனான். அப்புறம் அவைப்புலவன் தாமக்கண்ணனின் புகழ்ப்பாட்டைக் கேட்க ஆளில்லை. வயிறு எரியாதா?

"அரசே, அந்த மகான் கையேந்துவது உங்களுக்கல்லவா அவமானம்! வீட்டுக்கு வீடு அவருக்கென்றே விருந்து சமைக்க உத்தரவு போடுங்கள்" என்றான்.

"சபாஷ்!" என்றான் ராஜா. பறையறைந்தாயிற்று. மீறினால் தலை போகும் என்றும் சேர்த்தே அறைந்தாயிற்று.

பல நாளாகக் காய்ச்சலில் கிடந்த நன்னாகர் எழுந்து தெருவுக்கு வந்தபோது, அடிகள் எலும்பும் தோலுமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"சாமி, உங்களுக்குன்னே உலை வச்சேன், வாங்க!" என்றாள் ஒருத்தி.

அடிகள் கையுயர்த்தி வாழ்த்திவிட்டு நகர்ந்தார். அடுத்த வாசலிலும் அதே பேச்சு, அதே வாழ்த்து. நன்னாகருக்குத் திக்கென்றது. தமக்கென்று மூட்டிய அடுப்பில் பூச்சி புழு மடிந்தால் பாவம் தமக்கே என்று, அந்தச் சோற்றைச் சமண முனிவர் தொடமாட்டார். அது தெரிந்தேதான் விருந்து வைத்துக் கொல்லப் பார்க்கிறான் அந்தப் புலவன், பாவி!

"ராஜாவிடம் சொல்லி உத்தரவை மாற்றுகிறேன், அடிகளே."

"என்னால் யார் தலையும் போகவேண்டாம் ஐயா. எழுத்தாணி பிடிக்கத்தான் கை நடுங்குகிறது. நூல் நின்றுவிடுமே என்றுதான் வருத்தம்."

நன்னாகர் பெருமூச்சு விட்டார். இந்த ராஜாவை இன்னும் எத்தனை காலம் மேய்ப்பது? நேரே சொன்னால் ரோஷம் வரும். ரோஷம் வந்தால் யார் தலை உருளுமோ! அலுத்துக்கொண்டே அரண்மனைக்கு நடந்தார்.

"அரசே, இவ்வளவு அருமையான யோசனை சொன்ன புலவருக்கு என்ன செய்தீர்கள்?"

"அடடா, ஒன்றுமே செய்யவில்லையே!"

"அடிகளுக்குத் தந்த மரியாதையைப் புலவருக்குத் திருப்பிவிடுங்கள். இனி வீட்டுக்கு வீடு அவருக்கென்றே சமைக்கட்டும். அவரும் ஒரு வாசல் விடாமல் உண்ணட்டும். ஒரு வீட்டை விட்டாலும் ராஜ மரியாதையை மிதித்த குற்றம்."

"அப்போ அடிகள்?"

"அவர் துறவிதானே. மிஞ்சியதை உண்பார்."

பக்கத்தில் நின்ற தாமக்கண்ணன் முகம் வெளிறிற்று. ராஜா கைதட்டினான்.

மறுநாள் பகலில் அதே வீட்டுக்காரி வாசலில் நின்றாள். "சாமி, இது புலவருக்கு ஆக்கினது. அவர் வந்து தின்னுட்டுப் போயிட்டார். மிச்சந்தான் இருக்கு..." அடிகள் கையேந்தினார். பார்த்துக்கொண்டிருந்த நன்னாகருக்குக் கண் கலங்கிவிட்டது.

குயவர் தெருவைத் தாண்டுவதற்குள் புலவனுக்கு மூச்சு முட்டியது. அவைக்கு உருண்டோடி வந்து விழுந்தான். "அரசே, இன்னொரு கவளம் உள்ளே போனால் செத்தேன்! தமக்கென்று ஆக்கியதை அடிகள் தொடமாட்டார் என்று தெரிந்தேதான் அந்த யோசனை சொன்னேன். மன்னியுங்கள்!"

"என் விருந்தாலா அவர் பட்டினி கிடந்தார்?" ராஜா தலைகுனிந்தான். "அடேய், நூல் முடியும்வரை அவருக்கு ஓலை சீவிக் கொடு, போ!" என்றான். உத்தரவும் ரத்தாயிற்று.

"மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்? அடிகளுக்குப் பொன் மண்டபம் கட்டட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் அரசே! அவரைக் கொஞ்சகாலம் மறந்திருங்கள். எனக்கு அது போதும்."

புது யானை ஒன்று வந்ததால் ராஜாவும் சுலபமாக மறந்துவிட்டான்.

மழைக்காலம் முடிந்ததும் புலவன் சுவடியைச் சுமந்து வந்தான்.

"என் பெயர் இருக்கிறதா?" என்றான் ராஜா.

நன்னாகர் கடைசி ஓலையைப் புரட்டினார். "இல்லை அரசே. அடிகள் பெயரும் இல்லை. 'யாருக்கோ ஆக்கிய சோற்றில் எழுதி முடித்தது' என்று மட்டும் இருக்கிறது."

நன்னாகர் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கினார்.