தாவரத்துக்கு வாக்கப்பட்ட செம்பாயி

மந்தாம்பட்டிக்கு யாரும் வழி சொல்ல மாட்டார்கள். வழி கேட்டுப் போனவர்கள் திரும்பி வந்து, சொன்னவரை அடித்த வரலாறு உண்டு. அப்பேர்ப்பட்ட அறிவாளிகள் குடியிருக்கும் ஊர் அது.

அந்த ஊர்ப் பொன்னுரங்கத்துக்கு முப்பத்தெட்டு வயதில்தான் பெண் அமைந்தது. அதற்கு முன் ஏழு இடம் தட்டிப்போயிற்று. ஏழாவது வீட்டுக்குப் போகும்போது, "பொண்ணை நல்லாப் பாத்துட்டு வா" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மூன்று நாள் அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் நாயை அவிழ்த்துவிட்டார்கள். எட்டாவதாக வாய்த்தவள் உள்ளூர்ச் செம்பாயி. இதுவும் கைவிட்டுப் போனால் இந்த ஜென்மத்தில் தனக்குக் கல்யாணம் இல்லை என்று அவன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஜோசியர் வந்தார். வாழை மரம் என்று சொன்னால் படித்த படிப்பு குறைந்துபோகும் என்று நினைக்கிற மனுஷர்.

"பொண்ணுக்கு தோஷம் இருக்கு. முதல்ல ஒரு தாவரத்துக்குக் கட்டி வெச்சு, அதை வெட்டிப்புடுங்க. அப்புறம் மாப்பிள்ளை தாலி கட்டட்டும்."

"தாவரம்னா என்னங்க சாமி?" என்று கேட்டார் ஊர்ப் பெரியதனம் வெள்ளியங்கிரி.

"வடமொழியில ஸ்தாவரம். அதுதான் நம்ம வாயில தாவரம் ஆச்சு. நின்ன இடத்தை விட்டு நகராதது எதுவோ, அது தாவரம்."

சொல்லிவிட்டு ஜோசியர் கிளம்பினார். அவர் தெருமுனை தாண்டும்வரை வெள்ளியங்கிரி உற்றுப் பார்த்தார். "நகர்றாரு. அப்ப இவரு தாவரம் இல்லை" என்று முதல் ஆளைக் கழித்தார்.

மறுநாள் காலையில் ஊரே தாவரம் தேடியது. பந்தல் வாசலில் குலையோடு இரண்டு வாழை கட்டியிருந்தது.

"இது நேத்து தோட்டத்துல நின்னுச்சு. இன்னைக்கு இங்க நிக்குது. நகர்ந்துருக்கே!" என்றார் வெள்ளியங்கிரி. வாழை கழிந்தது.

பூசணிக்கொடி போன மாதம் வேலியில் கிடந்தது, இப்போது கூரைமேல் கிடந்தது. அதுவும் கழிந்தது. புளியமரத்தைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்கள். காற்றில் கிளை அசைந்தது.

"தலையை ஆட்டுனா நகர்ந்த மாதிரி ஆகுமா?" என்று கேட்டான் ஓதிச்சாமி. ஊரில் அருவாள் பிடிப்பவன் அவன்.

"உன் தலை ஆடுனா நீ நகர்ந்தியா இல்லையா?"

"என் தலை நகர்ந்துச்சு. நான் நகரலீங்க."

இந்தத் தர்க்கத்திலேயே முகூர்த்தம் பாதி கரைந்தது. அம்மிக்கல் எல்லாப் பொருத்தமும் பொருந்தி வந்தது. அதை வெட்டினால் அருவாள் வாய் போய்விடும் என்று ஓதிச்சாமி மறுத்துவிட்டான்.

பொன்னுரங்கம் விடியலிலிருந்து மணையில் உட்கார்ந்திருந்தான். தாலி ஏறும்வரை அசையக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. மூக்கின்மேல் ஈ உட்கார்ந்து, அலுத்து, அதுவாகவே எழுந்து போனது. அவன் இமைகூட ஆடவில்லை.

அதை வெள்ளியங்கிரி பார்த்துவிட்டார். "அட, தாவரத்தைப் பந்தலுக்குள்ள வெச்சுக்கிட்டா ஊரெல்லாம் தேடுறோம்!"

பொன்னுரங்கத்துக்குப் பகீரென்றது. அசைந்தால் கல்யாணம் நின்றுபோகும். அசையாவிட்டால் வெட்டிவிடுவார்கள். தலைக்குள் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் போட்டுக் கசக்கினான். பிறகு, வெட்டப்போவது தாவரத்தைத்தானே, மாப்பிள்ளையை இல்லையே என்று நிம்மதியாகிவிட்டான். இந்த மண்டையை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு வயது வரை எப்படித்தான் உயிரோடு இருந்தானோ!

காலடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். தாலியை அவன் தோளில் தொட்டு எடுத்து, செம்பாயி கழுத்தில் அவள் அத்தை கட்டினாள். குலவை எழும்பியது. ஓதிச்சாமி அருவாளோடு வந்தான்.

"எங்கங்க வெட்டணும்?"

"வாழைன்னா அடியிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுவோம்" என்றார் வெள்ளியங்கிரி.

ஓதிச்சாமி மணையிலிருந்து மேலே ஒரு சாண் அளந்தான். அது எங்கே வந்து நின்றது என்று தெரிந்ததும் பொன்னுரங்கம், "ஐயோ, அங்க வேண்டாம்!" என்று துள்ளி எழுந்து, வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டம் பிடித்தான்.

கொல்லைப்பக்கம் நின்று மூச்சு வாங்கினான். முகூர்த்தம் போய்விடுமே என்ற கவலை வந்ததும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாசல் வழியாக உள்ளே வந்தான்.

"எங்கப்பா போயிருந்த மாப்பிள்ளை? இங்க குடி முழுகிப்போச்சு. தாலி கட்டுன தாவரம், வெட்டறதுக்குள்ள ஓடிப்போச்சு!" என்றார் வெள்ளியங்கிரி.

"ஓடுனா அது தாவரம் இல்லைங்களே?"

"ஓடுனது அப்புறம்தானே. கட்டும்போது அசையாமத்தான் இருந்துச்சு. அது உசுரோட இருக்கற வரைக்கும் செம்பாயி அது பொண்டாட்டி."

பொன்னுரங்கத்துக்கு ரத்தம் கொதித்தது. எட்டாவதாகக் கிடைத்தவளை எவனோ கட்டிவிட்டுப் போயிருக்கிறானே!

"ஆள் எப்படிங்க இருந்தான்?"

"பட்டு வேட்டி. கழுத்துல மாலை. உன் உசரந்தான் இருக்கும்."

"சீக்கிரம் வெட்டிட்டு வாங்க, பந்தியில சோறு ஆறுது" என்றாள் செம்பாயி.

பொன்னுரங்கம் அருவாளைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் பாய்ந்தான். பந்தலை விட்டு வெளியே வந்த கூட்டம் பார்த்தது. பட்டு வேட்டியும் மாலையுமாக ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்.

"அதோ போகுது தாவரம்!" என்று ஊரே துரத்தியது.

"விடாதீங்க, புடிங்க அவனை!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்திக்கொண்டே ஓடினான் பொன்னுரங்கம்.