பிரதோஷத்தன்று கேட்காத ரீங்காரம்

மலையடிவாரத்து மூங்கிலடி மடத்தில் கோமதிநாயகம் சீடரா, சமையல்காரரா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். சீடராகத்தான் வந்தார். வந்த அன்றைக்குச் சமைக்க ஆள் இல்லை. அவரோ கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்தவர். "இன்னைக்கு ஒரு நாள்" என்று அடுப்படிக்குள் நுழைந்தவர், அந்த ஒரு நாளை இன்னும் முடிக்கவில்லை.

குருவின் பெயர் வடிவம்மை. மலைமேல் குகையில் பல வருஷம் தவம் இருந்துவிட்டு இறங்கி வந்தவர். வயதில் கோமதிநாயகத்துக்குத் தங்கை முறை ஆகும். சீடர் குருவைத் தாயே என்பார், குரு சீடரை அண்ணாச்சி என்பார். இதில் ஊருக்குத்தான் குழப்பம், அவர்களுக்கு இல்லை.

வடிவம்மைக்கு ஒரு பழக்கம் உண்டு. தாளிக்கும் நேரத்துக்குச் சரியாக அடுப்படி வாசலில் வந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தாளித்து முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். பாவம், பசி தாங்காமல் வருகிறார், கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்த கோமதிநாயகம், அவர் இலையில் மட்டும் வடகம் கூடுதலாக வைப்பார்.

உலையில் சோறு கொதிக்கிற நேரம் சீடர்கள் கூடத்தில் கண்மூடி உட்காருவார்கள். மனம் அடங்கியவருக்கு உள்ளே முதலில் கேட்பது வண்டின் ரீங்காரம் என்பது மடத்து நம்பிக்கை. கேட்டவர் பௌர்ணமி மாலையில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்னவர் மலைமேல் குகைக்குத் தவம் செய்யப் போகலாம்.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வடிவம்மை கேட்பார்.

"அண்ணாச்சி, என்ன கேட்டுது?"

"குழம்பு கொதிக்கது கேட்டுது, தாயே."

எல்லாரும் சிரிப்பார்கள். கோமதிநாயகமும் சேர்ந்து சிரிப்பார். பிறகு பாத்திரம் துலக்கும்போது தனியாக அழுவார்.

போன முறை பார்க்க வந்த தம்பி ஆவுடையப்பனிடம் அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"வார பௌர்ணமிக்கும் ஒண்ணும் கேக்கலேன்னா வண்டியைக் கட்டிக்கிட்டு வாடே. வந்துருதேன். செவிடனுக்குக் கச்சேரி எதுக்கு?"

கல்யாணச் சமையலைத் தனியாக நடத்திவந்த தம்பிக்கு உள்ளூர மகிழ்ச்சி. அண்ணன் இல்லாத பந்தியில் சாம்பாரைத் தொட ஆள் இல்லை.

அந்த மாதம்தான் அது கேட்டது.

கூடத்தின் கடைசியில், அடுப்படி ஓரமாக உட்கார்ந்திருந்த கோமதிநாயகத்தின் காதில் 'ஙொய்ய்ங்' என்று ஒரு சத்தம். மெல்ல எழுந்தது, நின்றது, தேய்ந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றைக்கு ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டார். குடித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர் அதையும் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாள் பால் ஊற்ற வந்த இசக்கியம்மாள் செம்பை நீட்டியபடியே கேட்டாள்.

"மடத்துக்குள்ள என்னமோ ஙொய்யிங்குதே, அண்ணாச்சி. என்னது அது?"

கோமதிநாயகம் செம்பை வாங்க மறந்தார்.

"ஒனக்கும் கேக்குதா?"

"எனக்கென்ன, எங்க மாட்டுக்கே கேக்கு. காதைத் தூக்கிக்கிட்டுல்லா நிக்கி!"

மாட்டுக்கும் கேட்கிற சத்தம் எப்படி உள்நாதம் ஆகும்? ஆனாலும் ஆசை யாரை விட்டது. ஒருவேளை மாடும் மனம் அடங்கிய மாடாக இருக்கலாம் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? புளியமரத்து முனி முனகுகிறது என்றார்கள் சிலர். மடத்துக்குக் கீழே சித்தர் ஒருவர் சமாதியில் இருக்கிறார், அவர் மந்திரம் சொல்கிறார் என்றார்கள் வேறு சிலர். மூங்கிலில் காற்றடிக்கிறது என்ற ஒருவரை, காற்றே இல்லாத வெயிலில் கூட்டிவந்து நிறுத்திக் கேட்க வைத்தார்கள். அவரும் முனி பக்கம் சேர்ந்துவிட்டார்.

மூத்த சீடர்களான நயினாருக்கும் சிவசைலத்துக்கும் மூன்றாவதாக ஒரு கருத்து இருந்தது.

"உள்ளே கேக்குத நாதம் நெறஞ்சு வெளிய வழியுது" என்றார் நயினார்.

"யாருக்குள்ள இருந்து?" என்று சிவசைலம் சட்டென்று கேட்டார். அதன்பிறகு இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஊர்க்காரர்கள் வடிவம்மையிடமே போனார்கள்.

"தாயே, அது முனியா, சித்தரா?"

"கேக்க நல்லாருக்குல்லா?" என்று சொல்லிவிட்டு அவர் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

பிரதோஷம் வந்தது. அன்று பகல் முழுக்கச் சத்தம் வரவே இல்லை. சாமிக்கும் விரதம் என்று சொல்லி ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தர் கட்சிக்கு அன்றோடு பலம் கூடியது.

கோமதிநாயகம் மட்டும் யோசித்தார். மடத்தில் பிரதோஷத்தன்று பூசை முடியும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. சாயங்காலம் விரதம் விடுவதற்காக அடுப்பைப் பற்றவைத்து, பொங்கல் பானையை ஏற்றினார். பானை சூடேறிச் சுவரும் சூடேறியதும், ஙொய்ய்ங்.

விறகை வெளியே இழுத்தார். சத்தம் மெல்ல அடங்கியது. மறுபடி உள்ளே தள்ளினார். மறுபடி எழுந்தது.

அடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுமுட்டுச் சாமான் போடுகிற இருட்டறை. கோமதிநாயகம் ஏணியைச் சாத்தி, தொந்தியைச் சுவரில் உரசிக்கொண்டு பரணுக்கு ஏறினார். ஒரு காலத்தில் பூசைக்கு அடித்த நகரா அங்கே கிடந்தது. தோல் கிழிந்த பெரிய பித்தளை முரசு. உள்ளே அடுக்கடுக்காய்த் தேன்கூடு. சுவரின் வெக்கை தாங்காமல் அத்தனை தேனீக்களும் ஒன்றாகச் சிறகடித்து வீட்டுக்கு விசிறிக்கொண்டிருந்தன. பித்தளை அதை வாங்கி மடம் முழுக்கப் பரப்பியது.

முதலில் அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெட்கம் போய்விட்டது. அவ்வளவு அழகாக இருந்தது அந்தச் சத்தம். கீழே பொங்கல் அடிப்பிடித்து வாசம் வந்த பிறகுதான் இறங்கினார்.

பௌர்ணமி மாலை கூடம் நிறைந்துவிட்டது. ஊரே மாலையும் தேங்காயுமாக வந்திருந்தது. வாசலில் ஆவுடையப்பன் வண்டியோடு நின்றான்.

"ரீங்காரம் கேட்டுது, தாயே" என்றார் நயினார். அவர் கழுத்தில் மாலை விழுந்தது.

"எனக்கு அவருக்கு முந்தியே கேட்டுது, தாயே" என்றார் சிவசைலம். அவருக்கும் ஒரு மாலை விழுந்தது.

"அண்ணாச்சி, உங்களுக்கு?"

கேட்டது என்ற ஒரு சொல் போதும். தம்பி வெறும் வண்டியோடு திரும்புவான், குகை கிடைக்கும், பொய்யும் இல்லை. வாயைத் திறந்து முழுசாகச் சொன்னாலோ, குகையும் போகும், மூத்தவர்கள் இருவர் மானமும் போகும்.

"கேட்டுது, தாயே."

கூட்டம் ஆரவாரித்தது. இசக்கியம்மாள் குலவை போட்டாள். ஆவுடையப்பன் தலையைத் தொங்கப் போட்டான்.

"ஆனா உள்ள இல்ல, தாயே. பரண்ல. பழைய நகராக்குள்ள தேனீ கூடு கெட்டிருக்கு. நான் அடுப்பு மூட்டுனா அதுக்கு வெக்கை தாங்கல. விசிறுது. அவ்வளவுதான்."

நயினார் மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

வடிவம்மை சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. பண்டிகைத் துணியை முதலில் பார்த்த பிள்ளை மாதிரி சிரித்தார்.

"எந்திரிங்க, எல்லாரும் போய்க் கேப்போம். அண்ணாச்சி, அடுப்பை மூட்டுங்க!"

இருட்டறையில் வரிசை கட்டி நின்றார்கள். முதலில் வடிவம்மை ஏறினார். அப்புறம் சிவசைலம். அப்புறம் நயினார், கழுத்தில் மாலையோடு. நகராவின் பித்தளையில் காதை வைத்த மனிதர் இறங்க மறந்துவிட்டார்.

"சாமி, எறங்குங்க. நாங்களும் கேக்கணும்லா" என்று இசக்கியம்மாள் ஏணியை ஆட்டினாள்.

இறங்கிய நயினார் மாலையைக் கழற்றி ஏணிக் காலில் போட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற சிவசைலம் தள்ளி இடம் கொடுத்தார்.

ஊர் கலைந்த பின் கோமதிநாயகம் துணிமூட்டையோடு வந்து வடிவம்மையை வணங்கினார்.

"தம்பி காத்துக்கிட்டிருக்கான். உத்தரவு குடுங்க, தாயே. வெளிய கேட்டதை உள்ளேன்னு நெனச்சவன் நான். எனக்கு அந்தக் காது இல்ல."

"குகைக்குப் போவணும்னு ஆசைப்பட்டிய."

"ஆசைப்பட்டேன். நீங்க அத்தனை வருசம் அங்க இருந்தியளே."

"இருந்தேன்."

"நாதம் கேட்டிய."

"அங்கயா? ஒண்ணும் கேக்கல, அண்ணாச்சி."

கோமதிநாயகம் நிமிர்ந்து பார்த்தார். வடிவம்மை விளையாடுகிற மாதிரி தெரியவில்லை.

"பெறகு நீங்க மொதல்ல எப்பத்தான் கேட்டிய, தாயே?"

வடிவம்மை அடுப்படி வாசலில், தான் எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"நீங்க வந்த அன்னைக்கு. கடுகு வெடிச்சுதுல்லா, அப்ப."