ஏரி மகள் மேலே வந்த கோடை

மீனும் காற்றும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஏரியம்மாவுக்கு ஒரே மகள். பெயர் பாசி. நீலமும் பச்சையும் கலந்த மேனி. அடிச்சேற்றில் அம்மா மடியிலேயே கிடப்பாள். அங்கே எந்நேரமும் குளிர், எந்நேரமும் இருட்டு. பிள்ளை வளரவே இல்லை.

"பொட்டு மாதிரியே இருக்காளே, என்ன செய்வேன்?" என்று ஏரியம்மா பக்கத்து வீட்டுக் கெண்டையிடம் புலம்பினாள்.

"வெயில் படாத பிள்ளை எப்படி வளரும் மதினி? சூரியன் அவளுக்குத் தாய்மாமன்தானே? மேலே அனுப்பு."

"ஐயோ, அவளுக்கு நீச்சல் தெரியாதே!"

"இடுப்பில் ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டி விடேன்."

நீச்சல் பழக்குகிறவர்கள் குடுக்கையைக் கட்டியதும் ஒரு கயிற்றையும் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்வார்கள். ஏரியம்மா காற்றுக் குமிழியை ஊதிக் குடுக்கையாகக் கட்டினாள். மகளுக்குத் தலை கோதினாள், புத்தி சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பதற்றத்தில் கயிற்றை மறந்துபோனாள்.

மருமகளைக் கண்ட சூரியனுக்குத் தலைகால் புரியவில்லை. "வாடி என் தங்கமே! இத்தனை நாள் எங்கே இருந்தே?" என்று வெளிச்சத்தை வாரி வாரி ஊட்டினான். தண்ணீர் வெதுவெதுப்பாயிற்று. காற்று அசையவில்லை. பாசி ஒன்று இரண்டானாள், இரண்டு நாலானாள், ஏரி முழுக்கப் பச்சைப் பட்டாய் விரிந்தாள். ஏரியம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

ஆனால் கீழே இருட்டிவிட்டது. நீர்ச்செடிகள் வாடின. ஒரு விடியற்காலை கெண்டை வாயைத் திறந்து திறந்து மூடினாள். "மதினி, என் குஞ்சுகளுக்கு மூச்சு முட்டுதே!"

ஏரியம்மா பதறினாள். "பாசி! கீழே வாடி!"

"போம்மா. மாமா வீடுதான் நல்லாயிருக்கு."

"அண்ணே, நீயாவது சொல்லேன்!"

"பிள்ளை ஆசையாச் சாப்பிடுறா. விடு தங்கச்சி!"

கயிறு கட்டாததால் இழுக்கவும் வழியில்லை. ஏரியம்மா வாடைக்காற்றைக் கூவி அழைத்தாள். வாடை ஓடி வந்து மேகத்தை இழுத்து மாமன் முகத்தை மூடினாள், தண்ணீரைக் கலக்கிக் குளிர வைத்தாள். வெளிச்சம் குறையக் குறையப் பாசிக்குக் கண் சொருகியது, இடுப்புக் குமிழியும் சுருங்கியது. நடுங்கிக்கொண்டே அம்மா மடியில் வந்து விழுந்தாள். கெண்டைக் குஞ்சுகள் ஆழ மூச்சு இழுத்தன.

"அம்மா, திரும்ப எப்போ மாமா வீட்டுக்கு?"

திட்டத்தான் நினைத்தாள் ஏரியம்மா. ஆனாலும் சேற்றை இழுத்து மகளுக்குப் போர்த்திவிட்டாள். "அவர் கூப்பிடும்போது போ. வாடை வந்தால் வந்துடணும், கேட்டியா?"

அன்று முதல்தான் வெயில் ஏறித் தண்ணீர் சுட்டால் பாசி ஏரியின் மேலே பரவுகிறது, குளிர் வந்ததும் அடிச்சேற்றில் போய்த் தூங்குகிறது.