கை படாத நாற்று

அம்பாசமுத்திரத்துக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டி உலகம்மையாரின் வீடு இருந்தது. முப்பது வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர் வந்து கண்ணை மூடி உட்காருவார்கள். ஏழு மணிக்கு எழுந்து அவரவர் வேலைக்குப் போவார்கள். அதற்கு ஒரு பெயர் கிடையாது. வாசலில் பலகை கிடையாது.

அம்மையார் எல்லோரையும் வைவார். தாமதமாக வந்தவரை வைவார். சீக்கிரம் வந்து முன்வரிசையில் இடம் பிடித்தவரையும் வைவார். பஸ் ஸ்டாண்டு அருகே பஞ்சர் கடை வைத்திருந்த பேச்சிமுத்துவுக்குத்தான் அதிகம் விழும். நாற்பதைத் தாண்டிய ஆள் என்றும் பார்க்க மாட்டார்.

"ஏலே, கண்ணை மூடுனா தூக்கம், தொறந்தா பராக்கு. உனக்கெல்லாம் எதுக்குலே முதுகெலும்பு?"

பேச்சிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பான். மறுநாள் ஆறு மணிக்கு அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பான்.

குற்றாலிங்கத்தை மட்டும் அவர் வைவதில்லை. ஐம்பத்துநான்கு வயது, மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். வாங்க சார், உட்காருங்க சார், போய்ட்டு வாங்க சார். பதினோரு வருடமாக இவ்வளவுதான். குற்றாலிங்கம் இதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதையே ஒரு பெருமையாக வைத்திருந்தாரோ என்று பிற்பாடு யோசித்தார்.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் எல்லோரும் எழுந்த பிறகு அம்மையார் ஒரு விஷயம் சொன்னார். புளியங்குடியில் பத்துப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். இங்கே நடப்பது அங்கேயும் நடக்க வேண்டும் என்கிறார்கள். ஒருவர் போய் அங்கேயே தங்கி நடத்த வேண்டும். அவர்கள் தரும் வீட்டுக்குப் பின்னால் நிலம் சும்மா கிடக்கிறதாம். போகும்போது நாற்பது தக்காளி நாற்று கொண்டுபோனால் நல்லது. சொல்லிவிட்டு, தாளில் மடித்த விதையைக் குற்றாலிங்கத்தின் கையில் வைத்தார்.

"நாற்று ஆனதும் சொல்லுங்க சார்."

போவது யார் என்று சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று குற்றாலிங்கம் நினைத்தார். மற்றவர்களும் அப்படியே நினைத்தார்கள். வாசலில் அவருடைய சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்த பேச்சிமுத்து, புளியங்குடிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றான். அந்த வாரமே குற்றாலிங்கம் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று மாத அவகாசம் உண்டு, அதற்குள் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று அலுவலக எழுத்தர் சொன்னார். எதற்குத் தோன்றப் போகிறது என்று இவர் கேட்டார்.

நாற்று வளர்ப்பது எப்படி என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. அம்மையார் வீட்டின் பின்பக்கத்தில் எப்போதும் நாற்றுத் தட்டுகள் இருக்கும். காலையில் எல்லோரும் எழுந்ததும் அவர் அங்கே போய் வலது கையை விரித்து, நாற்றுகளின் தலைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கொண்டுபோவார். கூடத்து ஜன்னல் வழியாகக் குற்றாலிங்கம் அதைப் பார்த்திருக்கிறார். முதுகும் கையும் தெரியும், தட்டு தெரியாது. ஆசீர்வாதம் என்று புரிந்துகொண்டார். அந்த நாற்றுகள் பென்சில் கனத்துக்குத் தண்டு வைத்து நிமிர்ந்து நிற்கும்.

முதல் முறை இவருடைய விதைகள் நன்றாகத்தான் முளைத்தன. காலை, மதியம், மாலை என்று தண்ணீர் விட்டார். மதியத்துக்குப் பள்ளியிலிருந்து ஆள் அனுப்பி மனைவிக்கு நினைவூட்டினார். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்து, நூலாய் இளைத்து, ஒரே வாரத்தில் எல்லாம் சாய்ந்தன. இரண்டாம் முறை, முளைக்கும் முன்பே எறும்பு விதைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மூன்றாம் முறை அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. தட்டை மொட்டை மாடியிலிருந்து இறக்கி அறைக்குள் ஜன்னலோரம் வைத்தார். ஆனி மாதக் காற்று உள்ளே வராதபடி மனைவியின் பழைய சேலையைக் கட்டினார். மின்விசிறியைப் போடக் கூடாது என்றார். தினமும் குளித்து, நீறு பூசி, நாற்றுகளுக்கு ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டி ஐந்தெழுத்தை நூற்றெட்டு முறை சொன்னார். விரல் நுனிகூட இலையில் படவிடவில்லை. அம்மையாரின் கை வேறு, தன் கை வேறு என்ற பணிவு அவருக்கு இருந்தது.

நாற்றுகள் வளர்ந்தன. ஒரு சாணுக்கும் மேலே வெளிறிய பச்சையில் நெடுநெடுவென்று ஏறின. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக மடங்கிப் படுத்துவிட்டன.

மனைவி செண்பகவல்லி காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்க கையைக் காட்டுனா பள்ளிக்கூடமே உட்காரும். இதுகளும் உட்கார்ந்துட்டு" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. அவளும் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. இனிமேலாவது மின்விசிறியைப் போடலாமா என்று மட்டும் கேட்டாள்.

அதற்குள் ஆடி பிறந்திருந்தது. புளியங்குடியிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து போய்விட்டது. பள்ளியில் பிரிவு உபசாரத்துக்குப் பொன்னாடை வாங்கி வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. எழுத்தர் புதன்கிழமை மறுபடி கேட்டார். நாளை மறுநாளுக்குள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் சார், தாளைக் கிழித்துவிடலாம் என்றார். புளியங்குடி இல்லையென்றால் ஓய்வு எதற்கு என்று குற்றாலிங்கத்துக்குத் தெரியவில்லை. பள்ளி இல்லையென்றால் தான் யார் என்பதும் தெரியவில்லை.

வியாழக்கிழமை, சாய்ந்து கிடந்த நாற்றுகளைத் தட்டோடு சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஐந்தரை மணிக்கே அம்மையார் வீட்டுக்குப் போனார். கூடத்தில் யாரும் இல்லை. பின்பக்கம் ஆள் அரவம் கேட்டது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக அந்தப் பக்கம் போனார்.

மூன்று பக்கமும் சுவர் உயர்ந்த இடம் அது. அம்மையார் குந்தி உட்கார்ந்து, விரித்த கையால் நாற்றுகளின் தலையை அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு பக்கமாக, தலை மண்ணைத் தொடும் அளவுக்கு. கையை எடுத்ததும் அவை எழுந்தன. உடனே மறுபக்கம் அழுத்தினார். குளித்துவிட்டு ஓடப் பார்க்கும் பிள்ளையின் தலையைத் துவட்டுவது போல இருந்தது. இருபது முறைக்கு மேல் செய்தார்.

"அம்மா, என்ன செய்றீங்க?"

"இது காத்து வராத மூலை சார். யாராவது அசைச்சுக் கொடுக்கணும். இல்லேன்னா தண்டு கனக்காது."

குற்றாலிங்கம் தன் தட்டைக் கீழே வைத்தார். அம்மையார் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குற்றாலிங்கம் சேலையைப் பற்றியும் எறும்பைப் பற்றியும் சொல்லியிருப்பார். கேட்காததால் அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நேற்று அந்த அம்மாள் பேச்சிமுத்துவை வைதது நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின நாள், கூடத்துக்கு வரும் தபால்காரரை. அதற்கும் முந்தின நாள் மறுபடி பேச்சிமுத்துவை. அப்போதெல்லாம் கண்ணை மூடியபடி தான் லேசாகப் புன்னகைத்ததும் நினைவுக்கு வந்தது.

"அம்மா, ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க."

"பதினோரு வருஷமா வர்றேன். என்னை ஒரு வார்த்தை வைததில்லை நீங்க. ஏன்?"

அம்மையார் அடுத்த தட்டுக்கு நகர்ந்தார்.

"சொன்னேனே சார். நீங்க வந்த முதல் வருஷம். தேவாரம் வாசிச்சீங்க. உங்க குரல்தான் கேக்கு, பாட்டு கேக்கலன்னு சொன்னேன்."

குற்றாலிங்கத்துக்கு அது மறந்தே போயிருந்தது. இப்போது, யார் யார் அருகில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுகூடத் தெளிவாக நினைவுக்கு வந்தது.

"அதுக்கப்புறம் நாப்பது நாள் நீங்க வரல."

"எனக்கு மஞ்சக்காமாலை, அம்மா" என்றார் குற்றாலிங்கம்.

"ஆமா. ஆள் விட்டுச் சொன்னீங்க. பேச்சிமுத்துகிட்ட கீழாநெல்லி கொடுத்துவிட்டேன்."

கொண்டுவந்து கொடுத்தான். செண்பகவல்லி அதை அரைத்து மோரில் கலக்கி, முகத்தில் எதையும் காட்டாமல் ஏழு நாள் அவரிடம் நீட்டினாள். அவரும் ஏழு நாள் குடித்தார். உடம்பில் மஞ்சள் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து இருப்பதாகவே நம்பினார். இந்தப் பதினோரு வருடத்தில், தனக்கு ஒருமுறை காமாலை வந்து தேறியதாக அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் முப்பது வருடம் இருந்த ஒருவர் அதை நம்பியிருப்பாரா என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

கூடத்தில் ஆட்கள் வந்து பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. பேச்சிமுத்து யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் இனி நிமிருமா?" என்று தன் தட்டைக் காட்டிக் கேட்டார் குற்றாலிங்கம்.

"நிமிராது."

"தூக்கிப் போட்டுரவா?"

அம்மையார் ஒரு நாற்றை வேரோடு எடுத்தார். ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறித்தார். கீழே இருந்த இரண்டு இலைகளைக் கிள்ளினார். வேரையும் நீண்ட தண்டையும் உள்ளே விட்டு, கொழுந்து மட்டும் வெளியே தெரியும்படி மண்ணை மூடி அழுத்தினார். ஒரு சாண் உயரம் இருந்தது, இப்போது மண்ணுக்கு மேல் இரண்டு விரல் அளவுதான் தெரிந்தது.

"உள்ள போன தண்டு பூரா வேர் விடும்" என்றார். "தக்காளிக்கு அது ஒண்ணு உண்டு."

பிறகு தட்டில் மிச்சம் இருந்ததை எண்ணினார்.

"முப்பத்தெட்டு இருக்கு. போதும்."

குற்றாலிங்கம் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். கேட்க வேண்டாம் என்று நினைத்தார். கேட்டுவிட்டார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, அம்மா. பள்ளிக்கூடத்தில ஒரு பதில் சொல்லணும். புளியங்குடிக்கு நான் எப்ப போகட்டும்?"

அம்மையார் முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"பேச்சிமுத்து ஞாயித்துக்கிழமை போறான். கடையை மச்சினன் பாத்துக்கிடுவானாம்."

அம்மையார் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கூடத்தைக் கூட்ட, தண்ணி எடுக்க, பாய் விரிக்க, கூட ஒரு ஆளு வேணும்னு கேட்டான். யாருன்னு அவன்கிட்ட நான் இன்னும் சொல்லல, சார்."