மன்னன் பிறந்த அன்று நட்ட வேங்கை

எண்ணியது தப்பாகப் போயிற்று. அதனால் ஒரு கிழவனை உயிரோடு குழியில் இறக்கப் பார்த்தார்கள்.

ஒரு காலத்தில், எந்தக் காலம் என்று கேட்க வேண்டாம், செம்மலை நாட்டை உக்கிரசேனன் என்றொரு ராஜா ஆண்டான். முப்பது வயது. காலையில் பரிசு கொடுப்பான், பிற்பகலில் பிடுங்கிக்கொள்வான். அப்படி ஒரு ஆள்.

ஒரு சூறைக்காற்றில் காட்டில் பெரிய வேங்கை மரம் வேரோடு சாய்ந்தது. வேருக்குள் ஓர் எலும்புக்கூடு. விலா எலும்புக்குள் வேர் புகுந்து கூட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. காலில் வனக்காவல் விலங்கு, பூட்டியபடி. அறுந்த வேரிலிருந்து சிவப்பாகப் பால் வடிந்தது. வேங்கைக்கு அது இயல்புதான். ஆனாலும் பார்த்தவன் எவனும் அன்று சாப்பிடவில்லை.

எலும்பையும் விலங்கையும் கூடையில் போட்டு அரண்மனைக்குக் கொண்டுவந்தார்கள். பொழுது சாய்ந்ததும் காலிக் குழியில் விலங்கு குலுங்கும் சத்தம். தினமும். ராஜா போர்வைக்குள் புகுந்துகொண்டான். "கொன்றவனை அதே குழியில் உயிரோடு நடுங்கள்!" என்று உள்ளிருந்தே உத்தரவு போட்டான்.

அந்த விலங்கின் சாவி காவல் தலைவனிடம் மட்டும் இருக்கும். குழியை மறைக்கத்தான் மேலே மரம் நட்டிருக்கிறான். நட்ட வருஷம் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும்.

அனந்தராயர் எழுந்தார். சபையில் பெரிய தலை. அமைச்சன் எயினன் மேல் வயிற்றெரிச்சல்.

"அரசே, பனி பெய்யும் தேசத்து வணிகன் எனக்குச் சொன்னான். மரத்துக்குள் வருஷத்துக்கு ஒரு வளையம். எண்ணிவிட்டேன். நாற்பது." மீசையைத் தடவினார். "நாற்பது வருஷத்துக்கு முன் காவல் தலைவன் யார்? நம் அமைச்சரைப் பெற்ற சாத்தன்."

சாத்தனைக் கட்டி இழுத்து வந்தார்கள். "நான் செய்யவில்லை" என்றார் கிழவர்.

எயினன் ஒரு நாள் தவணை கேட்டான். கிடைத்தது. மறுநாள் துணி போர்த்திய மரத்துண்டோடு வந்தான்.

"ராயரே, உம் கணக்கு எல்லா வேங்கைக்கும் செல்லுமா?"

"செல்லும். பிசகினால் என் தலையை எடுத்துக்கொள்ளும்."

"தலை உம்மிடமே இருக்கட்டும். இதை எண்ணும்."

ராயர் குனிந்தார். ஈரத் துண்டு. எண்ண எண்ண விரல் சிவந்தது.

"அறுபது வளையம். அறுபது வயது. இதில் என்ன சந்தேகம்?"

"மன்னா, இது தாங்கள் பிறந்த அன்று அரண்மனைத் தோட்டத்தில் நட்ட வேங்கை."

அந்த மரம் சாய்ந்தால் தன் உயிரும் போகும் என்று நம்பியிருந்த ராஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "என் மரத்தையா வெட்டினாய்?"

"வேறு வழியில்லை. மூச்சு வருகிறதா?"

"வருகிறது."

"ஆச்சரியம்தான். ராயர் சொல்படி, தங்கள் தாயார் பிறப்பதற்கு முன்பே தாங்கள் பிறந்துவிட்டீர்கள். அப்படியானால் சிம்மாசனத்தில் இருப்பது யார்?"

சாமரம் வீசியவள் கை நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்தார்கள். ராஜா குனிந்து, தன் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தான். பட்டது. மறுபடியும் பார்த்தான்.

"பனி தேசத்தில் மரம் வருஷத்துக்கு ஒரு தடவை வளர்ந்து ஒரு தடவை நிற்கும்" என்றான் எயினன். "இங்கே ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. நடுவில் காய்ந்து கிடக்கும். இரண்டு தடவை வளரும், இரண்டு தடவை நிற்கும். வருஷத்துக்கு இரண்டு வளையம். காட்டு மரத்தின் வயது இருபதுதான். அப்போது சாவி யார் இடுப்பில் இருந்தது, ராயரே?"

மூலையில், கூடைக்குள், விலங்கு ஒரு தடவை குலுங்கியது. யாரும் தொடவில்லை.

ராயர் அலறினார். "சாகட்டும் என்று கட்டவில்லை! சுள்ளி பொறுக்கினான், பயமுறுத்தக் கட்டிப்போட்டேன். அவிழ்க்க மறந்துவிட்டேன்!"

"இவனை நடுங்கள்!" என்றான் ராஜா.

"வேண்டாம், மன்னா. செத்தவன் இவரிடம் ஒரு தடவை மாட்டியது போதும். அதே விலங்கைப் பூட்டிக் குழியோரம் உட்காரவையுங்கள். சத்தம் வந்தால் இவர் பதில் சொல்லட்டும்."

அப்படியே செய்தார்கள். அன்று பொழுது சாய்ந்ததும் ராயர் யாருக்கோ பதில் சொல்வது ஊருக்கே கேட்டது. விட்டு விட்டுச் சொன்னார். நடுவில் கேள்விகள் இருந்திருக்க வேண்டும்.

அது சாயங்காலம். அதற்கு முன் சபையில் ஒன்று பாக்கி. ராஜா முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். எயினன் வாங்கவில்லை.

"நான் வெட்டினேன், அவ்வளவுதான். தாங்கள் பிறந்த அன்று ஒருவர் கன்று வைத்தாரே, அது இல்லாவிட்டால் இன்று ஒன்றும் நடந்திருக்காது. மாலை அவருக்கு."

"யார் அவர்? எங்கே?"

"வாசலில் நிற்கிறார். இன்னும் கட்டை அவிழ்க்கவில்லை. அப்போதைய காவல் தலைவர், சாத்தன்."