அரையர் வராத விருந்து

முன்னொரு காலத்தில் ஆனைவாரி என்ற நாட்டை மாறவேள் என்ற அரசர் ஆண்டுவந்தார். சாப்பாட்டுப் பிரியர். காலையில் இட்ட கட்டளையை மதியம் மாற்றிவிடுவார். பாட்டனார் அரண்மனை வாசல்கல்லில் செதுக்கிய சட்டங்களை மட்டும் தொட்டதில்லை. அவற்றில் ஒன்று: 'பௌர்ணமிதோறும் உச்சிவேளையில் யாரும் வந்து அரசரிடம் குறை சொல்லலாம்.'

வணிகர்கள் வந்தார்கள், நிலக்காரர்கள் வந்தார்கள். கூலிக்காரர் ஒருவரும் வரவில்லை.

"ஏழைகளுக்குக் குறையே இல்லை, பிரபு. கல்லிலிருந்து அந்த வரியை எடுத்துவிடலாம். மற்றவர்கள் வழக்கை நானே பார்த்துக்கொள்கிறேன்," என்றார் அரையர். அவர் சபையோரில் ஒருவர், அமைச்சர் சேந்தன்மேல் பொறாமை கொண்டவர். கூலிக்காரர் தெருக் கிணற்றைத் தன் தோப்போடு சேர்த்து வேலி போட்டவரும் அவர்தான். அரசருக்கு அது தெரியாது.

அரசர் தலையாட்டிவிட்டார். சேந்தன் அடுத்த பௌர்ணமிவரை தவணை கேட்டார். பிறகு வயலுக்குப் போய், நாற்று நட்டுக்கொண்டிருந்த சடைச்சியிடம் பேசினார்.

"அரசரிடம் வந்து சொல்லக் கூடாதா, தாயி?"

"வரலாம் சாமி. வந்தா அன்னிக்குக் கூலி நெல்லு கிடையாது. மூணு பிள்ளைக்கு ராத்திரி உலையில எதைப் போடுறது? தண்ணி எடுக்கவே ஆத்துக்கு நடக்கிறோம்."

மறுநாள் அரசர் சம்மதத்தோடு சேந்தன் ஒரு விருந்தை அறிவித்தார். சபையோர் யாரும் வரலாம். வருகிறவர் வீட்டில் மட்டும் அன்றிரவு அடுப்பு எரியக் கூடாது.

விருந்தன்று அரையருக்குப் பரிமாறிய இலையின் முன் ஆளில்லை.

"அரையருக்கு விருந்து பிடிக்காது போலிருக்கிறது. இனி அவருக்கு இலை போட வேண்டாமென்று உத்தரவிடலாமா, பிரபு?" என்றார் சேந்தன்.

அரசர் ஆளனுப்பினார். அரையர் மூச்சிரைக்க வந்தார். "பிடிக்காமல் இல்லை, பிரபு. தலை ஆடிக்குப் புதுமருமகன் வந்திருக்கிறார். இரவு அவரைப் பட்டினி போட்டுவிட்டு நான் பாயசம் குடிக்க முடியுமா?"

"நியாயம்தானே," என்றார் அரசர்.

"சடைச்சி என்று ஒருத்தி வயலில் நாற்று நடுகிறாள், பிரபு. கூலியை விட்டு இங்கே வந்தால் அவள் வீட்டிலும் அன்றிரவு அடுப்பு எரியாது. பிள்ளைகள் மூன்று."

அரசரின் கை பாயசத்திலேயே நின்றது.

"அந்த வரி இருக்கட்டும். குறை சொல்ல வருகிறவருக்கு அன்றைய கூலி நெல்லை அரண்மனை அளக்கும் என்று கீழே செதுக்குங்கள்."

"களஞ்சியம் காலியாகிவிடும், பிரபு," என்றார் அரையர்.

"குறைகளைத் தீர்த்துவிட்டால் கூட்டமும் குறையும்," என்றார் சேந்தன். அரசர் அரையருடைய பாயசத்தை அமைச்சர் பக்கம் தள்ளிவைத்தார்.

பௌர்ணமியன்று சடைச்சிதான் முதலில் வந்து கிணற்று வேலியைப் பற்றிச் சொன்னாள். அரையரைத் தன் கையாலேயே வேலியைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, அரசர் அடுத்தவரைக் கூப்பிட்டார். வெயில் சாய்ந்தும் ஆட்கள் குறையவில்லை.

"சேந்தா, பசிக்கிறது. இதுவும் ஒரு குறைதானே?" என்றார் அரசர் மெல்ல.

"சந்தேகமென்ன, பிரபு. வரிசை தெருமுனைவரை போகிறது. கடைசியில் போய் நில்லுங்கள்."