புளிச்ச உப்பு

ஒரு கடல்ல ஒரு கப்பலு. இந்தக் கதைல ஊரே கிடையாது, நாலு பக்கமும் தண்ணிதான். ம் சொல்லு.

அந்தக் கப்பல்ல மெல்பான்னு ஒருத்தி. மணப்பாட்டுக்காரி. காத்துல பறக்குற உப்பைப் பிடிக்கிற ஆராய்ச்சிக்காரி. அலை உடைஞ்சா சளப்பு சளப்புனு தெறிக்கும்ல? அதுல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளியெல்லாம் காத்தோட கிளம்பிடும். மெல்பா ஒரு பெட்டிக்குள்ள வெள்ளைத் தாளை வெச்சு, உர்ர்ருனு காத்தை இழுப்பா. உப்பு தாள்ல வந்து ஒட்டும். அப்புறம் மிஷின்ல குடுத்துப் பாப்பா.

உப்புன்னா சோடியமும் குளோரினும் ஜோடி. ஆனா மெல்பா தாள்ல சோடியம் இருக்கு, குளோரின்ல பாதியைக் காணோம். ஒரு தாள் இல்ல, நாலு தாள்லயும் அப்படித்தான்.

அங்க குலசேகரன்னு ஒரு பெரிய சார். தாள் வைக்கிற தட்டை ஆசிட்ல கழுவி, அப்புறம் நல்ல தண்ணில மூணு தடவை அலசணும்னு சட்டம். இவ அலசாம விட்டுட்டா, ஆசிட்டு குளோரினைத் துரத்திடுச்சுன்னு அவரு முடிவே கட்டிட்டாரு. போர்ட் பிளேர் வந்ததும் இறங்கிக்க, வேற ஆளு வரட்டும்னுட்டாரு. ரெண்டு வருஷம் காத்துக் கிடந்து ஏறின கப்பலு அது. சமையக்காரர் சந்தியாவு வேற, சோறு போடும்போதெல்லாம், "ஏட்டி, தட்டை அலசிட்டியா?"ம்பாரு.

ம்.

அப்போ மெல்பா சார் கண்ணு முன்னாடியே தட்டை அலசினா. ஒண்ணு, ரெண்டு, மூணு. பெட்டியை எப்பவும்போல கப்பலோட பின்பக்கம் கட்டினா. அங்கதான் அலை அடிக்காது, பெட்டி நனையாது. மறுநாள் பாத்தா, அஞ்சாவது தாள்லயும் பாதியைக் காணோம். தட்டு காரணம் இல்லன்னா, காத்தை இழுக்குற மோட்டாரு சரியில்லன்னு சார் சொல்லிட்டுப் போயிட்டாரு.

மெல்பா பெட்டிகிட்டயே நின்னா. அவ வீட்டுல எல்லாருக்கும் ஒரு பழக்கம், கடல் காத்து அடிச்சா உதட்டை நக்கிப் பாப்பாங்க. இவளும் பாத்தா. கரிக்கணும்ல? புளிச்சுது. அண்ணாந்து பாத்தா, தலைக்கு மேல கப்பலோட புகைக்குழாய். குபுகுபுகுபுனு புகை.

அந்தப் புகைல கந்தகம் இருக்கு. புதுசாக் கிளம்பின உப்புத் துளி அதை லபக் லபக்னு முழுங்கும். முழுங்க முழுங்கப் புளிச்சுப் போகும். புளிச்சப்புறம் அவ்வளவு வேகமா முழுங்காது. ஆனா அதுக்குள்ள கந்தகம் சீட்டுப் பிடிச்சிருக்கும், குளோரின் எழுந்து வெளிய போயிடும். பஸ்ல நடக்குறதுதான்.

அப்புறம் பெட்டியை முன்பக்கம் தூக்கிட்டுப் போய்க் கட்டினா. காத்து பின்னாலருந்து அடிச்சுது. புகையும் கூடவே முன்னால வந்துடுச்சு. ஆறாவது தாளும் போச்சு.

தூங்கிட்டியா? ம். சரி.

போர்ட் பிளேருக்கு இன்னும் ஒரு நாள்தான். மெல்பா பையைக் கட்டி வெச்சுட்டு சார்கிட்ட போனா.

"புகைதான் காரணம். கப்பலைக் காத்துக்கு எதிரா திருப்பச் சொல்லுங்க சார். இதுவும் தப்புன்னா நானே இறங்கிக்கிறேன்."

சாரு யோசிச்சுக் கேப்டன்கிட்ட போனாரு. கேப்டன், உப்பு பிடிக்கக் கப்பலைத் திருப்பினதா இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்லன்னு முனகினாரு. ஆனாலும் நாலு மணி நேரம் குடுத்தாரு. கப்பல் கிர்ர்ருனு திரும்பிச்சு. புகையெல்லாம் பின்னால ஓடுச்சு. பெட்டி உர்ர்ருனுச்சு.

ஏழாவது தாள். சோடியம் இருக்கு. குளோரின்? கிட்டத்தட்ட முழுசும் இருக்கு.

சாரு அதே தாள்ல கந்தகம் எவ்வளவுன்னும் பாத்தாரு. கடல் தண்ணிலயே கொஞ்சம் கந்தகம் உண்டு. அதைக் கழிச்ச பிறகும் துளியூண்டு மிச்சம் இருந்துச்சு.

"புகையே இல்லையே. இது எங்கருந்து வந்துச்சு?"

"கடல்ல மிதக்குற குட்டிச் செடி இருக்குல்ல சார், அதுங்க விடுற மூச்சா இருக்கலாம்," அப்படின்னா மெல்பா. "ஒரு தாளை வெச்சுச் சொல்ல முடியாது."

"அப்போ எட்டாவதை வை. போர்ட் பிளேர்ல தாள் இன்னும் ரெண்டு கட்டு வாங்கிக்கலாம்."

மெல்பா பையை அவுத்துட்டா. சாரு மட்டும் முன்பக்கம் போனாரு. யாரும் பாக்கலன்னு நெனச்சு உதட்டை ஒரு தடவை நக்கினாரு.

கரிச்சுது.

கப்பல் போயிடுச்சு, கதையும் கூடவே போயிடுச்சு. உன் ம்மும் நின்னுடுச்சு. தூங்கு.